ஈற்றுக்கு முந்திய அறுபது நாட்கள்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் ஆடு வளர்ப்போருக்கும் ஐப்பசி மாதத்தில் நடத்தப்பெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பாலுக்காக மூன்று நான்கு ஆடுகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு குடும்பம், அவை குட்டி ஈனும் பருவத்திற்கு எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவன் அல்லன். மருந்தின் பெயரையும் அளவையும் கூறுவது கால்நடை உதவி மருத்துவருடைய பொறுப்பு. அவர் எனக்குப் பின்னர் பேசுவார். வீட்டார் செய்யவேண்டியவை எவை, பஞ்சாயத்து செய்யவேண்டியவை எவை என்று எடுத்துரைப்பதே என் பொறுப்பு.

ஆடு ஏழையின் பசு என்பது நாம் அனைவரும் அறிந்த சொல். பசுவும் எருமையும் வாங்க இயலாத வீட்டிலும் ஆடு நிற்கும். காந்தியடிகள் பால் உண்பதில்லை என்று விரதம் பூண்டிருந்தவர். 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடும் நோயுற்று மெலிந்திருந்தபோது, கஸ்தூரிபாய் அம்மையாரின் யோசனைப்படி ஆட்டுப்பால் அருந்தி உடல் தேறினார் என்பது அவரே எழுதிவைத்த வரலாறு. நம் மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திட்டத்தின்படி, மிக வறிய குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகள் வழங்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். நான்கு ஆடுகளைக் கொண்டு ஒரு குடும்பம் தலைநிமிர முடியும் என்னும் நம்பிக்கையே அத்திட்டத்தின் அடிப்படை.

ஆனால் அந்த நம்பிக்கை நிறைவேறுவது ஆட்டின் எண்ணிக்கையில் இல்லை. பிறந்த குட்டி பிழைப்பதில் இருக்கிறது. பால் ஆட்டில் இரட்டை வருமானம் உண்டு. ஒன்று பால், மற்றொன்று குட்டி. இவ்விரண்டும் ஈற்றைப் பொறுத்தவை. ஈற்று நன்றாக நடந்தால் குட்டியும் தேறும், பாலும் பெருகும். அது கெட்டால் குட்டி போவதோடு மடியும் கெட்டு, தாயும் மெலிந்து, ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் வீணாகிவிடும். பள்ளி திறக்கும் காலத்தில் பிள்ளைகளின் துணிக்கும் புத்தகத்திற்கும் ஒரு கிடாக்குட்டியை நம்பியிருக்கும் வீடுகள் நம் கிராமங்களில் எத்தனையோ உள்ளன. அவ்வீடுகளுக்கு இது சிறிய நஷ்டமன்று.

குட்டி இறந்துவிட்டால், "பிறந்த வேளை சரியில்லை" என்று கூறி ஆறுதல் அடைகிறோம். உண்மையில் பிறந்த சில நாட்களுக்குள் இறக்கும் குட்டிகளில் பல, பிறப்பதற்கு முன் செய்யத் தவறிய காரியங்களாலேயே இறக்கின்றன. ஆகவே நான் இன்று வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். ஈற்றுக்கான ஏற்பாடு குட்டி பிறக்கும் இரவில் தொடங்குவதன்று. அதற்கு அறுபது நாட்கள் முன்னதாகவே தொடங்க வேண்டும். இதை மூன்று சொற்களில் நினைவில் வையுங்கள்: ஒரு தேதி, அறுபது நாள், ஒரு மணி. ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

தேதியைக் குறித்து வையுங்கள்

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். ஐந்து நாள் முன்னோ பின்னோ ஆகலாம். கிடாவுடன் சேர்ந்த தேதி தெரிந்தால் ஈனும் தேதி தெரியும். ஈனும் தேதி தெரிந்தால் மற்றவை அனைத்தையும் அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். தேதி தெரியாதவருக்கு எந்த ஏற்பாடும் கைகூடாது.

கிடாவை ஆண்டு முழுவதும் மந்தையோடு விட்டுவைப்பது நம் வழக்கம். அதனால் ஆடு எப்போது சினைப்பட்டது என்று எவருக்கும் தெரிவதில்லை. ஆனி மாதத்தில் சினைப்படும் ஆடு கார்த்திகையில் ஈனும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம் அது. தரை ஈரம், காற்று ஈரம், தீனியும் ஈரம். நனைந்த குட்டி குளிரில் விறைத்துவிடும். மாறாக, ஆவணியில் கிடாவைச் சேர்த்தால் தை மாதத்தில் குட்டி பிறக்கும். மழை நின்று, வேலியிலும் வரப்பிலும் தழை மிகுந்திருக்கும் பருவம் அது. கிடாவை வேறாகக் கட்டி வளர்த்து, வேண்டிய மாதத்தில் மட்டும் சேர்ப்பது பெரிய செலவுள்ள காரியமன்று. சற்றுக் கட்டுப்பாடு வேண்டும், அவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். ஆவணி 10, அதாவது ஆகஸ்டு 26-ஆம் தேதி ஓர் ஆடு கிடாவுடன் சேர்ந்தது என்று கொள்வோம். மூன்று வாரம் கழித்து அது மீண்டும் பருவத்திற்கு வரவில்லையென்றால் பெரும்பாலும் சினை நின்றுவிட்டது எனலாம். அது ஜனவரி 23-ஆம் தேதியை ஒட்டி ஈனும். அதிலிருந்து அறுபது நாட்களைக் கழித்தால் நவம்பர் 24. அந்தத் தேதிக்குள் பால் கறப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். ஈற்றுக்கு ஆறு வாரத்திற்கும் நான்கு வாரத்திற்கும் இடைப்பட்ட காலம் டிசம்பர் 12 முதல் 26 வரை, அப்போது தடுப்பூசி. ஈனுவதற்குப் பத்து நாள் முன்னதாகக் கொட்டிலைத் துப்புரவு செய்யவேண்டும். அது போகியை ஒட்டி வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் கையோடு ஆட்டுக் கொட்டிலுக்கும் அடித்துவிடலாம். பாருங்கள், ஒரு தேதியைக் குறித்துவைத்ததனால் நான்கு காரியங்களுக்கு நாள் கிடைத்துவிட்டது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு குறி போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் பள்ளிக்குச் செல்லும் தம் பிள்ளைகளைக் கொண்டு எழுதிவைக்கலாம்.

பாலை நிறுத்துதல்

கறந்துகொண்டிருக்கும் ஆட்டின் பாலை ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்னதாக நிறுத்திவிட வேண்டும் என்று கூறும்போது, இம்முகாமில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதை நான் காண்கிறேன். "பாலை நிறுத்திவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? காலையில் பால் ஊற்றும் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?" என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஏட்டில் எழுதிவைத்தவர்கள் இதை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அன்றாடம் கறந்து பிழைப்பவர்களுக்கு இது எளிதன்று.

ஆயினும் காரணத்தைக் கேளுங்கள். வயிற்றில் இருக்கும் குட்டி முதல் மூன்று மாதங்களில் சிறிதளவே வளர்கிறது. பிறக்கும்போதுள்ள எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி இரண்டு மாதங்களில்தான் சேர்கிறது. அச்சமயத்தில் தாய் உண்பதைப் பாலும் குட்டியும் பங்குபோட்டுக்கொண்டால் இரண்டும் குறைவுபடும். மேலும், மடிக்கு ஓய்வு கிடைத்தால்தான் அடுத்த ஈற்றில் பால் பெருகும். சீம்பாலும் செழிப்பாக ஊறும். இன்று கறக்கும் அரைப்படிப் பாலை விட்டுக்கொடுப்பது இழப்பன்று. தை மாதத்திற்கு வைக்கும் சேமிப்பு.

அப்படியானால் அந்த இரண்டு மாதங்களை வீட்டார் எப்படிக் கடப்பது? இதற்கும் தேதியே வழிகாட்டும். மூன்று ஆடுகள் உள்ள வீட்டில் இரண்டை ஆவணியிலும் ஒன்றை மாசியிலும் கிடாவுடன் சேர்க்கலாம். மாசியில் சேர்ந்தது ஆடியில் ஈனும். ஆடியில் பிறந்த குட்டி ஐப்பசி மழைக்கு முன் மூன்று மாதம் வளர்ந்துவிடும். தையில் ஈனவிருக்கும் ஆடுகளின் பாலை நிறுத்தியிருக்கும்போது, ஆடியில் ஈன்ற ஆடு பால் கொடுத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் பால் முற்றிலும் நின்றுபோகாது. நம் ஆடுகளும், பாலுக்காக நாம் வாங்கிவரும் தலைச்சேரி ஆடுகளும் ஆண்டு முழுவதும் பருவத்திற்கு வரக்கூடியவையாதலால் இவ்வாறு பிரித்துக்கொள்வது இயலும்.

நிறுத்தும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் அடர்தீவனத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். குறைவாகப் பால் தரும் ஆட்டைக் கறப்பதைச் சட்டென நிறுத்திவிடலாம். அதிகமாகத் தரும் ஆட்டுக்கு வேளையைக் குறைத்துப் பின்னர் நிறுத்தலாம். நிறுத்திய பின் ஒரு வாரம் நாள்தோறும் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடும் கல்போன்ற இறுக்கமும் வலியும் தோன்றினால் அது மடிநோயின் அறிகுறி; உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். இந்நோயைக் கவனியாமல் விட்டால் ஈன்ற பின் அந்தப் பக்கத்துக் காம்பு பயனற்றுப் போய்விடும்.

தீனி

பால் நின்ற ஆட்டுக்குத் தீனியையும் நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. "பால்தான் தரவில்லையே, அதற்கு எதற்குப் பிண்ணாக்கு?" என்று கேட்போர் உண்டு. மடி வற்றியவுடன் தீனியை மீண்டும் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பதே சரியான முறை. பசுந்தழை, உலர்ந்த கடலைக்கொடி இவற்றுடன், நாளொன்றுக்குக் கால் கிலோ அடர்தீவனத்தில் தொடங்கி, இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு நானூறு கிராம் வரை உயர்த்தலாம். வயிற்றில் குட்டி வளர வளர இரைப்பைக்கு இடம் குறைகிறது. ஆகவே ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கலப்புத் தீவனத்தை வீட்டிலேயே தயாரிக்கலாம். நூறு பங்கில் கம்பு, சோளம் அல்லது மக்காச்சோளம் உடைத்தது 40 பங்கு, கடலைப்பிண்ணாக்கு 25 பங்கு, தவிடு 32 பங்கு, தாது உப்புக் கலவை 2 பங்கு, சாதாரண உப்பு 1 பங்கு என்று கலந்துகொள்ளலாம். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள நஞ்சு தாய்க்கும் கருவுக்கும் கேடு. அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா, வேலிமசால் முதலியன வேலியிலேயே வளரும் புரதச் சத்துள்ள தீனிகள். இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கடைசி மாதத்தில், அதிலும் இரட்டை சுமக்கும் ஆடு, தீனி போதாமலோ அளவுக்கு மிஞ்சிக் கொழுத்தோ இருந்தால், இரை எடுக்காமல் தனித்து நிற்கும், தள்ளாடும், படுத்தால் எழாது, மூச்சில் ஒருவகை இனிப்பு வாடை வீசும். இது திருஷ்டியன்று. தன் உடம்பின் கொழுப்பையே கரைத்துக் குட்டிகளைக் காக்க முயலும் தாய்க்கு வரும் நோய். வெல்லத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திராமல் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரு நாள் தாமதத்தில் தாயும் குட்டிகளும் சேர்ந்தே போய்விடக்கூடும். சினை ஆட்டை நெடுந்தூரம் ஓட்டிச்செல்வதும், முட்டும் ஆடுகளோடு நெருக்கி அடைப்பதும், நாய் துரத்த விடுவதும் ஆகா. ஆனால் நாள்தோறும் சற்று நடமாட்டம் நல்லது.

தடுப்பூசி

கருவிலிருக்கும் மனிதக் குழந்தைக்குத் தாயின் இரத்தத்திலிருந்தே நோய் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடுகிறது. ஆட்டின் கருப்பை அமைப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆட்டுக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி ஏதுமின்றியே பிறக்கிறது. அது முதன்முதலாகக் குடிக்கும் சீம்பாலில்தான் அச்சக்தி இருக்கிறது. தாய்க்கு ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு துள்ளுமாரி, இரண ஜன்னி ஆகியவற்றுக்கான ஊசி போட்டால், அதன் பயன் சீம்பால் வழியே குட்டிக்குச் சேருகிறது. ஓர் ஊசியில் இரண்டு உயிர் காக்கப்படுகிறது. ஈற்றை ஒட்டிய வாரங்களில் தாயின் குடலில் புழுக்கள் பெருகும். எனவே குடற்புழு நீக்க மருந்தையும் சினையைக் கூறி, மருத்துவர் சொல்லும் மருந்தை மட்டுமே கொடுக்க வேண்டும். எல்லாப் புழு மருந்தும் சினை ஆட்டுக்கு ஏற்றதன்று.

ஆட்டுக்கொல்லி நோய்க்கு எதிரான ஊசியை ஆடுகள் சினைப்படுவதற்கு முன்னரே போட்டுவிடுவது நலம். இந்தியாவில் அந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-ஆம் ஆண்டில், நம் தமிழ்நாட்டிலேயே, விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அரசூர் கிராமத்தில். இன்று அதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. 2030-ஆம் ஆண்டிற்குள் உலகிலிருந்தே அந்நோயை ஒழித்துவிடுவது என்று 2015-ஆம் ஆண்டில் உலக நாடுகள் குறிக்கோள் வகுத்தன. ஊசி இருந்தும் போட்டுக்கொள்ளாமல் மந்தையை இழப்பது நம் கவனக்குறைவேயன்றி விதியன்று.

கொட்டிலும் கைப்பெட்டியும்

ஈனும் ஆட்டுக்கு நான்கு அடிக்கு நான்கு அடி தனி இடம் வேண்டும். மூங்கில் தட்டி கட்டி ஒரு மூலையை மறைத்துக்கொண்டாலும் போதும். பழைய எருவை வாரி, தரையைச் சுரண்டி, சுண்ணாம்பு தூவி, சில நாள் காயவிட்டு, அதன்மேல் காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்ப வேண்டும். மழைச்சாரலும் கீழ்க்காற்றும் நேராக அடிக்காதபடி ஓரத்தில் சாக்குத் திரை கட்டலாம். ஆனால் மேலே காற்றோட்டத்தை அடைத்துவிடக் கூடாது. மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும் கொட்டிலில் குட்டிகளுக்குச் சளி வராமலிராது.

ஒரு சிறு பெட்டியில் பின்வருவனவற்றை முன்கூட்டியே சேர்த்துவையுங்கள்: சுத்தமான பழந்துணி, சோப்பு, டிங்சர் அயோடின், கொதிக்கவைத்த நூல், புதிய பிளேடு, கையுறை, பால் புட்டியும் ரப்பர் காம்பும், ஒரு டார்ச் விளக்கு. நள்ளிரவில் இவற்றைத் தேடி அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் குட்டியின் உயிர் ஊசலாடிவிடும். கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்னும் எண்ணையும் அப்பெட்டியின் மூடியிலேயே எழுதிவையுங்கள்.

ஈனும் வேளை

ஈற்று நெருங்கியதும் மடி புடைக்கும். வாலின் இருபுறமும் உள்ள தசைநார் தளர்ந்து குழி விழும். ஆடு கால்களால் தரையைக் கீறும். படுக்கும், எழும், தனிமை தேடும். பிறப்புறுப்பிலிருந்து சளி போன்ற திரவம் வடியும். இந்நிலையில் அருகில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பெரும்பாலான ஆடுகள் மனித உதவியின்றியே ஈன்றுவிடும். இரு முன்னங்கால்களும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தால் குட்டி ஒழுங்காக வருகிறது என்று பொருள். பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலும், வாலோ தலையோ ஒரு காலோ மட்டும் தெரிந்தாலும், கண்டபடி கையைவிட்டு இழுக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்துவிட்டுத் தாயின் முன் போடுங்கள். தாய் நக்கிக் கொடுப்பதே முதல் வைத்தியம். அது நக்காவிட்டால் வைக்கோலாலோ சாக்காலோ நன்றாகத் தேய்த்து உலர்த்துங்கள். தொப்புள் கொடியை இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே அறுத்து, நுனியை டிங்சர் அயோடினில் தோய்த்துவிட வேண்டும். சாணமும் மண்ணும் பட்ட தொப்புள், நோய் உடம்புக்குள் நுழையும் திறந்த வாசலாகும். நஞ்சுக்கொடி சில மணி நேரத்தில் தானே விழும். பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் விழவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் பிடித்து இழுப்பதும் கருப்பையைக் கிழித்துவிடும்.

முதல் ஒரு மணியும் சீம்பாலும்

நான் கூறிய மூன்று சொற்களில் இறுதியானது இந்த ஒரு மணி. குட்டி பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் அதன் வயிற்றுக்குள் போயாக வேண்டும்.

நம் பக்கத்தில் சில ஊர்களில், நஞ்சு விழும் வரை குட்டியை ஊட்டவிடுவதில்லை. வேறு சிலர் கெட்டிச் சீம்பாலைக் குட்டிக்குச் செரிக்காது என்று பீய்ச்சிவிடுகின்றனர்; சிலர் காய்ச்சி இனிப்புச் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கின்றனர். பெரியோர் வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் உண்மை இதற்கு மாறானது. குட்டி காம்பைச் சுவைக்கும்போதுதான் தாயின் கருப்பை சுருங்கி நஞ்சு விரைவில் விழுகிறது. சீம்பாலிலுள்ள எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்வது பிறந்த சில மணி நேரமே. நேரம் செல்லச் செல்ல அந்த வாசல் மூடிக்கொண்டே வந்து, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய முற்றிலும் அடைபட்டுவிடும். நஞ்சுக்காக ஆறு மணி நேரம் காத்திருந்தவர், குட்டிக்குக் கிடைக்கவேண்டிய காப்பில் பெரும்பகுதியைத் தம் கையாலேயே தடுத்துவிட்டார் என்று பொருள். இந்தக் குட்டி அன்று துள்ளி ஓடலாம். பத்தாம் நாள் கழிச்சலில் விழுந்துவிடும். காரணம் பத்தாம் நாளில் இல்லை. முதல் நாளிலேயே இருக்கிறது.

ஆகவே காம்பின் நுனியிலுள்ள அடைப்பை ஒரு பீய்ச்சில் நீக்கிவிட்டு, குட்டியைக் காம்பில் சேர்த்து ஊட்டவிடுங்கள். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்காவது சீம்பால் உள்ளே போகவேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு அது 200 மில்லி. மூன்று நான்கு வேளையாகக் கொடுக்கலாம். இரட்டை, மூன்று என்று பிறந்தால் வலிய குட்டி மெலிந்ததைத் தள்ளிவிடும்; மெலிந்த குட்டிக்குக் கறந்து புட்டியில் கொடுக்க வேண்டும். தாய்க்குப் பால் இல்லையென்றால் அன்று ஈன்ற வேறோர் ஆட்டின் சீம்பால் ஏற்றது. அதுவும் கிடைக்காவிடில் பசுவின் சீம்பாலாவது கொடுங்கள். கொதிக்கவைத்தால் அதன் சக்தி அழிந்துவிடும். வெந்நீரில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். குட்டிகள் வயிறாரக் குடித்த பின் எஞ்சியது வீட்டாருக்கு, அதில் தடையில்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். குட்டியின் வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் அது விறைத்துக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். குளிர்ந்த குட்டியின் வாயில் பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் சாக்கில் சுற்றி, வெந்நீர்ப் புட்டிகளை அணைத்து வைத்துச் சூடேற்றி, தலை தூக்கத் தொடங்கிய பின்னரே பால் கொடுங்கள். கூரைக் கொட்டிலில் நெருப்பு மூட்டிச் சூடு காட்டுவது ஆபத்து.

பஞ்சாயத்தின் பங்கு

இதுவரை கூறியவை வீட்டாரின் கடமை. இனிப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, தடுப்பூசி. நோய் வேலியைக் கண்டு நிற்பதில்லை. பத்து வீட்டில் ஊசி போட்டு இருபது வீட்டில் போடாமல் விட்டால் பத்து வீட்டு முயற்சியும் பழுதுபடும். மருந்தகத்தோடு பேசி நாள் குறித்து, தண்டோராவோ ஒலிபெருக்கியோ கொண்டு அறிவித்து, ஊர் ஆடுகள் அனைத்தையும் ஒரே நாளில் ஓரிடத்திற்குக் கொண்டுவரச் செய்ய உங்களால்தான் முடியும்.

இரண்டாவது, தீனி மரம். ஏரிக்கரை, சாலை ஓரம், பஞ்சாயத்துப் புறம்போக்கு ஆகிய இடங்களில் அனுமதி பெற்று அகத்தியும் சவுண்டலும் நட்டு, சினை ஆடு வைத்திருக்கும் வீடுகளுக்கு முறை வைத்துத் தழை வெட்டிக்கொள்ள இடங்கொடுக்கலாம். நிலமற்ற குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

மூன்றாவது, சுகாதாரம். கருச்சிதைந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் குப்பைமேட்டில் எறிவதால் நாய்கள் இழுத்துச் சென்று ஊரெங்கும் நோயைப் பரப்புகின்றன. கருச்சிதைவு நோயில் ஒரு வகை மனிதருக்கும் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலாலும் மூட்டு வலியாலும் நெடுநாள் வாட்டக்கூடியது. இவற்றை வெறுங்கையால் தொடாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் அவ்வேலையைச் செய்யவே கூடாது. ஒரே ஊரில் இரண்டு மூன்று ஆடுகள் அடுத்தடுத்துக் கரு கலைந்தால் பஞ்சாயத்து உடனே மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். பாலை எப்போதும் காய்ச்சியே அருந்த வேண்டும்.

நான்காவது, ஊருக்கு ஒரு கைப்பெட்டி. நான் சொன்ன பொருள்களை எல்லா வீட்டாரும் வாங்க இயலாமற் போகலாம். மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பில் தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தால், ஆபத்து வேளையில் எவருக்கும் உதவும். அதனுடன் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். எந்த வீட்டு ஆடு எந்தத் தேதியில் ஈனும் என்று அதில் எழுதிவைத்தால், சீம்பால் இல்லாத ஒரு குட்டிக்கு எந்த வீட்டில் சீம்பால் கிடைக்கும் என்பது நள்ளிரவிலும் தெரியும்.

ஆடுகளைப் பேணும் வேலையில் பெரும்பகுதியைத் தாய்மார்களே செய்கிறார்கள். ஆனால் கிடாவைச் சேர்ப்பது எப்போது, பாலை நிறுத்துவது எப்போது, பிண்ணாக்கு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் ஆண்கள். உழைப்பவர் கையில் முடிவும் இருக்கட்டும். அதுவே குட்டிகளைக் காக்கும் சிறந்த ஏற்பாடு என்பது என் கருத்து.

அன்பர்களே! ஆவணியில் சினைப்பட்ட ஆடுகள் உங்கள் கொட்டிலில் இப்போது நிற்கின்றன. கார்த்திகை பிறக்க இன்னும் சில நாட்களே உள்ளன. ஆகவே இன்று மாலை வீடு திரும்பியதும், எந்த ஆடு எந்த நாளில் சேர்ந்தது என்று குடும்பத்தார் கூடி நினைவுபடுத்தி, நாட்காட்டியில் ஒரு குறி இடுங்கள். அறுபது நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். மற்றவை அனைத்தும் அதிலிருந்து தாமே தொடரும். தை பிறக்கும்போது உங்கள் கொட்டில்களில் குட்டிகள் துள்ளி விளையாடவும், மடிகளில் பால் நிறையவும், அதனால் உங்கள் பிள்ளைகள் நலமுறவும் வேண்டும் என்று விழைந்து என் உரையை முடித்துக்கொள்கிறேன்.